நிறம் தேடிய அறிஞர்

நுழையும்முன்

காவிரி பாயும் நாட்டில் பூவரசு இல்லாத ஊர் அரிது. காலையில் மஞ்சளாய் மலரும் அதன் பூ, வாடும் வேளையில் செம்மை படர்ந்து உதிர்கிறது. காண்பவர் பலர், அம்மஞ்சள் எப்பொருளால் ஆனது என்று வினவுபவர் சிலர். அவ்வினாவைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு, இந்திய மண்ணின் பூக்களிலும் பட்டைகளிலும் விதைகளிலும் விடை தேடியவர் பேராசிரியர் டி. ஆர். சேஷாத்திரி. அவருடைய வாழ்வையும் ஆய்வையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காவிரிக்கரையில் தோற்றம்

குளித்தலையைக் கடந்து கிழக்கே செல்லும் காவிரி, திருவரங்கத்தை அணைத்து, தஞ்சைத் தரணியில் பல கிளைகளாய்ப் பிரிந்து, வயல்களை நனைத்துக் கடலோடு கலக்கிறது. அவ்வளநாட்டின் தென்கிழக்குக் கோடியில், உப்பளங்களும் வெளிமான்கள் திரியும் காடும் சூழக் கோடியக்கரை அமைந்துள்ளது. குளித்தலை முதல் கோடியக்கரை வரை, வாய்க்கால் கரைகளிலும் கடலோரத்திலும் புங்கும் பூவரசும் நிழல் பரப்பி நிற்கின்றன. அம்மரங்களை நிழலுக்காகவும் விறகுக்காகவும் எண்ணெய்க்காகவும் அறிந்திருந்த உலகிற்கு, அவற்றினுள் மறைந்திருந்த வேதியியலை எடுத்துக்காட்டியவர், அக்காவிரிக்கரையிலேயே பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சேஷாத்திரி 1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் குளித்தலையில் பிறந்தார். தந்தையார் உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியர். பெருஞ்செல்வம் இல்லாத இல்லம் அது. ஆயினும் கல்விக்கு அங்குக் குறைவில்லை. திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிக்கல்வியை முடித்த சேஷாத்திரி, 1917இல் சென்னை மாநிலக் கல்லூரியில் அறிவியல் சிறப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். படிப்பதற்கான பொருளுதவியை இராமகிருஷ்ண மடத்தினர் வழங்கினர்.

பட்டம் பெற்றதும் பணி தேடி அலைவது அக்கால இளைஞரின் இயல்பு. சேஷாத்திரியோ, தம்மைப் படிக்க வைத்த அமைப்பிலேயே ஓராண்டு தொண்டாற்றினார். பெற்றதைத் திருப்பித் தருதல் கடன் என்னும் எண்ணம் அவருடைய வாழ்வில் இறுதிவரை தொடர்ந்தது.

சென்னையும் மான்செஸ்டரும்

மாநிலக் கல்லூரியில் அப்போது பிமன் பிகாரி தே என்னும் வேதியியல் பேராசிரியர் பணியாற்றினார். கூமரின் எனப்படும் நறுமணச் சேர்மங்களின் ஆய்வில் தேர்ந்தவர் அவர். தொண்டுப்பணியை முடித்துத் திரும்பிய சேஷாத்திரி, அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். கார்பன் அணுக்களால் ஆன வளையத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவும் இடம்பெறுவது கூமரினின் அமைப்பு. இத்தகைய ஆக்சிஜன் வளையச் சேர்மங்களே பின்னர் அவருடைய வாழ்நாள் ஆய்வுப் பொருளாயின.

1927இல் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற அவர், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் இராபின்சனிடம் பயின்றார். பிற்காலத்தில், 1947இல், நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் இவர். பூக்களின் செம்மைக்கும் நீலத்திற்கும் காரணமான ஆந்தோசயனின் நிறமிகளும், மலேரியா நோய்க்கு எதிரான மருந்துப் பொருள்களும் அவ்வாய்வகத்தில் ஆராயப்பட்டன. 1929இல் சேஷாத்திரி முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டத்தோடு அவர் நிறைவடையவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்சு நகருக்குச் சென்று, நோபல் பரிசு பெற்ற பிரிட்சு பிரெகிலின் ஆய்வகத்தில் நுண்பகுப்பாய்வு முறையைக் கற்றார். ஒரு சேர்மத்தில் கார்பனும் ஹைட்ரஜனும் எவ்வளவு உள்ளன என்பதை அறிய, முன்னர் அச்சேர்மம் பெருமளவில் தேவைப்பட்டது; பிரெகிலின் முறையில் சில மில்லிகிராம் போதும். கூடை கூடையாகப் பூக்களைச் சேர்த்தாலும் சிட்டிகையளவு நிறமியே கிடைக்கும் இயற்கைப்பொருள் ஆய்வில், இம்முறை பெருந்துணையாகும். பின்னர், எடின்பரோவில் ஜார்ஜ் பார்ஜரிடம் சில திங்கள் தாவர ஆல்கலாய்டுகளையும் ஆராய்ந்தார்.

தாயகம் திரும்பல்

1930ஆம் ஆண்டு சேஷாத்திரி தாயகம் திரும்பினார். இந்திய விடுதலை வரலாற்றில் மறக்கவியலாத ஆண்டு அது. அவ்வாண்டு ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், காவிரிப் படுகையின் ஊர்களைக் கடந்து வேதாரண்யம் வரை நடந்து, கோடியக்கரைக்கு அருகிலுள்ள அகத்தியம்பள்ளியில் உப்பு எடுத்தனர். தன் மண்ணின் பொருள் தனக்கு உரியது என்னும் உணர்வு நாடெங்கும் பரவியிருந்த காலம் அது.

அறிவியலில் அவ்வுணர்வுக்கு என்ன பொருள்? இந்தியாவின் மூலிகைகளும் சாயப்பொருள்களும் பல நூற்றாண்டுகளாக மேலைநாடுகளுக்குச் சென்றன. அவற்றுள் பலவற்றின் மூலக்கூறு அமைப்பை ஆராய்ந்தவர் அந்நாட்டவரே. அதே பொருள்களை, அவை விளையும் மண்ணிலேயே, அதே தரத்தில் ஆராய முடியுமா? கருவிகளும் நூலகமும் பொருளுதவியும் குறைந்த ஒரு நாட்டில் அது நடக்குமா? மான்செஸ்டரின் ஆய்வகத்தைக் கண்டு திரும்பிய முப்பது வயது இளைஞருக்கு இவ்வினா வெறும் கொள்கை வினா அன்று, வாழ்க்கை வினாவாகும்.

தொடக்கம் எளிதாக அமையவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளராகவும், கோயம்புத்தூர் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேதியியலாளராகவும் சில காலம் பணியாற்றினார். 1933இல் விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். துறையோ புதியது. ஆய்வகத்தை அமைப்பதும், மாணவரைப் பழக்குவதும், ஆய்வை நடத்துவதும் ஒரே வேளையில் நிகழ வேண்டியிருந்தன. 1937இல் பேராசிரியராக உயர்ந்த சேஷாத்திரி, மருந்தியலும் வேதித் தொழில்நுட்பமும் அங்குத் தனித்துறைகளாக வளரவும் வழிவகுத்தார்.

பருத்திப்பூவின் மஞ்சள்

அரிய இறக்குமதிப் பொருள்களை வாங்கப் பணமில்லாத ஆய்வகம், அருகில் கிடைப்பதை நாடியது. பருத்தி வயல்களில் பூக்கள் ஏராளம். கம்போடியா, உப்பம், கருங்கண்ணி எனத் தமிழக உழவர் நன்கறிந்த பருத்தி வகைகளின் பூக்கள் வால்டேர் ஆய்வகத்திற்குள் நுழைந்தன. அவற்றின் நிறமிகளைப் பற்றிய கட்டுரைகள் 1930களில் தொடர்ந்து வெளிவந்தன. புளிச்சைப் பூவும் பூவரசம்பூவும் அவ்வரிசையில் இடம்பெற்றன. புங்க விதையிலிருந்து கரஞ்சின், பொங்கமால் போன்ற பொருள்கள் பிரிக்கப்பட்டு ஆராயப்பட்டன. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன்களும் ஆய்வுக்கு வந்தன. சமையலறையில் மணம் கூட்டும் கல்பாசி இவ்வினத்தைச் சார்ந்ததே.

இந்நிறமிகளுள் பெரும்பாலானவை ஃபிளேவனாய்டு என்னும் குடும்பத்தைச் சார்ந்தவை. இரண்டு பென்சீன் வளையங்களை மூன்று கார்பன் அணுக்கள் இணைக்க, பதினைந்து கார்பன்களால் அமைவது இவற்றின் சட்டகம். சட்டகம் ஒன்றே, அதில் ஆக்சிஜன் எங்கெங்கு இணைகிறது என்பதைப் பொறுத்து நிறமும் இயல்பும் மாறுகின்றன.

மூலக்கூறின் உள்ளமைப்பை வரைந்து காட்டும் இக்காலக் கருவிகள் அன்று இல்லை. நிறமியைக் காரத்தோடு கொதிக்கவைத்துச் சிதைத்து, கிடைத்த துண்டுகளை இனங்காண வேண்டும். துண்டுகளிலிருந்து முழுமையை ஊகிக்க வேண்டும். ஊகித்த அமைப்புடைய பொருளை எளிய பொருள்களிலிருந்து தாமே தொகுக்க வேண்டும். இறுதியாக, பூவிலிருந்து பெற்றதையும் ஆய்வகத்தில் தொகுத்ததையும் கலந்து உருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாயின் உருகுநிலை மாறாது, வேறாயின் குறைந்துவிடும். பல திங்கள் உழைப்பின் வெற்றியும் தோல்வியும், வெப்பமானியின் சில பாகைகளில் அடங்கியிருந்தன.

சேஷாத்திரியின் சிந்தனை இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு பொருளின் அமைப்பை அறிவதோடு நில்லாமல், தாவரம் அதை எவ்வாறு உருவாக்கியிருக்கும் என்று அவர் வினவினார். வெங்காயத் தோலில் உள்ள குவெர்செட்டினுக்கும், பருத்திப்பூவில் உள்ள காசிபெட்டினுக்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆக்சிஜன் அணுவே. அவ்வாறெனில், தாவரம் முன்னதை ஆக்சிஜனேற்றம் செய்து பின்னதைப் பெறக்கூடும் அன்றோ? காரக் கரைசலில் பொட்டாசியம் பெர்சல்ஃபேட்டைக் கொண்டு ஃபிளேவோன் வளையத்தில் ஆக்சிஜனை நேரடியாக நுழைக்கும் முறையை அவருடைய குழுவினர் வளர்த்தனர். அம்முறையால் குவெர்செட்டின் வகையிலிருந்து காசிபெட்டின் வகை பெறப்பட்டது. செடியினுள் நிகழ்வதாகக் கருதிய ஒன்று குடுவையினுள் நிகழ்ந்தது.

போரும் ஆய்வகமும்

வால்டேரில் துறை வேரூன்றிய வேளையில் இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்தின்மீது சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. கடற்கரையை நோக்கி நின்ற பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு அமைத்த ஆய்வகத்தைக் கலைத்து, பொருத்தமான இடமில்லாத ஊரில் மீண்டும் தொடங்க நேர்ந்தது. வெளிநாட்டு வேதிப்பொருள்களின் வரவும் போரினால் தடைப்பட்டது. ஆய்வை நிறுத்திவைப்பதற்கு இவற்றைவிட வலிய காரணம் வேண்டுவதில்லை. எனினும் ஆய்வுக் கட்டுரைகள் நிற்கவில்லை. உள்ளூரில் கிடைக்கும் செடியையும் எளிய கருவியையும் நம்பிய ஆய்வுமுறை, இடர்ப்பாட்டுக் காலத்தில் தன் வலிமையைக் காட்டியது.

செலினியமும் அயோடினும்

ஃபிளேவனாய்டு ஆய்வில் அடிக்கடி எழும் சிக்கல் ஒன்று உண்டு. ஃபிளேவனோன் என்பது நிறமற்றது. அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கினால் ஃபிளேவோன் கிடைக்கிறது. சொல்வதற்கு எளிது. ஆனால் மற்றப் பகுதிகள் சிதையாமல், உரிய இரண்டு அணுக்களை மட்டும் நீக்குவது எங்ஙனம்?

இதற்கு ஒரு வழியைக் காட்டியவர் மற்றொரு தமிழக வேதியியலாளரான கே. வெங்கடராமன். சென்னையில் பிறந்து, சேஷாத்திரியைப் போலவே மாநிலக் கல்லூரியிலும் இராபின்சனிடமும் பயின்றவர் அவர். பின்னாளில் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநராக விளங்கினார். 1935இல் அவரும் அவருடைய மாணவர்களும், சால்கோன்களையும் ஃபிளேவனோன்களையும் செலினியம் டை ஆக்சைடினால் ஃபிளேவோன்களாக மாற்றும் முறையை வெளியிட்டனர்.

செலினியம் இங்கு ஆற்றும் பணி வியப்புக்குரியது. தனிம வரிசை அட்டவணையில் ஆக்சிஜனுக்கும் கந்தகத்திற்கும் கீழே, அதே தொகுதியில் அமைந்த தனிமம் அது. கந்தகத்தைவிடப் பெரிய அணுவாதலால், கார்பனோடு அது கொள்ளும் பிணைப்பு வலிமை குறைந்தது. கார்போனைல் தொகுதியை அடுத்துள்ள கார்பனோடு செலினியம் முதலில் இணைகிறது. அந்நிலையில் தோன்றுவது ஒரு கரிமச் செலினியச் சேர்மம். அப்பிணைப்பு நெடிது நிலைப்பதில்லை. செலினியம் விலகும்போது மூலக்கூறு ஹைட்ரஜனை இழக்க, புதிய இரட்டைப் பிணைப்பு உருவாகிறது. வந்த வேலை முடிந்ததும், செலினியம் தனிமமாகக் குடுவையின் அடியில் படிகிறது. பிணைப்பின் மென்மையே இங்கு அதன் வினைத்திறனுக்குக் காரணமாகிறது.

ஆயினும் இம்முறைக்குக் குறைகளும் உண்டு. செலினியம் டை ஆக்சைடு நச்சுத்தன்மை உடையது. விளைபொருளில் ஒட்டிக்கொள்ளும் செலினியத்தை முற்றிலும் நீக்குவதும் கடினம். சிறிதளவே கிடைக்கும் இயற்கை நிறமியைத் தூய்மையாகப் பெற வேண்டிய ஆய்வாளருக்கு இது பெரும் இடையூறு. 1940களின் இறுதியில் சேஷாத்திரியின் ஆய்வகம் இதற்கு மாற்றுவழி ஒன்றைக் கண்டது. ஃபிளேவனோனை ஆல்கஹாலில் கரைத்து, சோடியம் அசிட்டேட்டின் துணையோடு அயோடினால் வினைபுரியச் செய்தால், ஹைட்ரஜன் நீங்கி ஃபிளேவோன் கிடைத்தது. எந்த ஆய்வகத்திலும் உள்ள இரண்டு எளிய பொருள்கள், அரிதும் கொடிதுமான ஒன்றின் வேலையைச் செய்தன. ஒருவர் திறந்த வழியை மற்றொருவர் செப்பனிட்டார். அறிவியல் வளர்வது இவ்வாறே.

தெரிந்து தெளிவோம்

செலினியத்தை 1817இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியசு கண்டறிந்தார். கந்தக அமிலத் தொழிற்சாலையின் கசடில் கிடைத்த இத்தனிமத்திற்கு, நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் அமைந்தது. மிகுந்தால் நஞ்சாகும் செலினியம், மிகச் சிறிய அளவில் மனித உடலுக்கு இன்றியமையாதது. உயிரணுக்களைப் பெராக்சைடுகளின் தாக்குதலிலிருந்து காக்கும் நொதி ஒன்றில் செலினியம் இடம்பெற்றுள்ளதை 1973இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

தில்லியில் மூன்றாம் தொடக்கம்

1949இல் தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மாரிசு குவையரின் அழைப்பை ஏற்று, அங்கு வேதியியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார் சேஷாத்திரி. வால்டேர், குண்டூர் ஆகியவற்றை அடுத்து, நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் மேற்கொண்ட மூன்றாம் தொடக்கம் இது. அவருடைய உழைப்பால் அத்துறை, இயற்கைப் பொருள்களின் வேதியியலுக்கான உயர் ஆய்வு மையமாகப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பைப் பெற்றது. செஞ்சந்தனத்தின் செந்நிறப் பொருளான சாண்டலின் உள்ளிட்ட பல இந்தியத் தாவரப் பொருள்கள் அங்கு ஆராயப்பட்டன.

1960இல் இலண்டன் அரசக் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1963இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதை வழங்கியது. 1967இல் இந்திய அறிவியல் மாநாட்டின் பொதுத் தலைவராகவும், இன்று இந்திய தேசிய அறிவியல் கழகம் எனப்படும் அமைப்பின் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

1965இல் பணிநிறைவு பெற்ற அவரைத் தில்லிப் பல்கலைக்கழகம் தன் முதல் தகைசால் பேராசிரியராக ஏற்றுச் சிறப்பித்தது. பணி நிறைவுற்றதேயன்றி ஆய்வு நிறைவுறவில்லை. மாணவர்கள் தொடர்ந்து அவரை நாடி வந்தனர். 1975ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

விட்டுச் சென்றவை

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முனைவர்கள் என அவருடைய பணியை எண்ணிக்கையால் அளக்கலாம். ஆயினும் எண்ணிக்கையில் அடங்காத ஒன்றும் உண்டு. அவரிடம் பயின்றோர் நாட்டின் பல பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் சென்று, தத்தம் பகுதியில் விளையும் செடிகொடிகளை ஆராய்ந்தனர். மேலைநாட்டு ஆய்வகம் ஒன்றைப் போலவே இங்கும் அமைத்த பின்னரே ஆய்வு தொடங்க இயலும் என்று அவர் காத்திருக்கவில்லை. வயலில் பூத்த பருத்திப்பூ, சாலையோரப் புங்கவிதை, பாறைமேல் படர்ந்த கல்பாசி ஆகியவற்றிலிருந்தே தொடங்கினார். கருவி குறைந்தபோது சிந்தனையைக் கூர்மையாக்கினார். இடம் பறிபோனபோது வேறிடத்தில் தொடங்கினார்.

1930இல் எழுந்த வினாவுக்கு விடை அவருடைய வாழ்வே. இந்த மண்ணில் விளைந்த பொருளை, இந்த மண்ணிலேயே, உலகம் ஏற்கும் தரத்தில் ஆராய முடியும் என்பதை அவர் செய்து காட்டினார். குளித்தலை முதல் கோடியக்கரை வரை இன்றும் பூவரசு மஞ்சளாய்ப் பூத்துச் செம்மையாய் உதிர்கிறது. அதைக் கடந்து செல்லும் மாணவர் ஒருவர், அந்நிறம் மாறுவது ஏன் என்று ஒரு கணம் நின்று வினவுவாராயின், சேஷாத்திரி தொடங்கிய பணி அங்கு மீண்டும் தொடங்குகிறது.